டெல்லிக்குப் புதிதா? தற்காப்புப் பயிற்சியில் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

வேலைக்கோ, ஐ.ஏ.எஸ். கோச்சிங்குக்கோ, நர்சிங் பணிக்கோ டெல்லி வந்து சேரும் நம் ஆட்களுக்கு முதல் மாதத்திலேயே ஊரிலிருந்து ஒரு போன் வந்துவிடும். "அங்க ஏதாவது கராத்தே கிளாஸ்ல சேர்ந்துக்கோயேன்மா" என்று. சரி, சேரலாம் என்று தேடினால் நூறு ஜிம் விளம்பரங்கள் வந்து விழும். ஒரு இடத்தில் நம்பர் கொடுத்தால் பத்து இடத்திலிருந்து அழைப்பு வரும். எல்லாரும் டெமோ இலவசம் என்பார்கள். டெமோ முடிந்ததும் ஒரு வருடப் பேக்கேஜை நீட்டுவார்கள். கராத்தேயா, கிராவ் மகாவா, பாக்ஸிங்கா என்று குழம்பி, கடைசியில் எதிலும் சேராமல் விட்டவர்கள் நம்மில் நிறைய.

அந்தச் சுற்றெல்லாம் சுற்றி வந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெல்ட் வாங்கும் ஆசை இல்லாத ஒருவருக்கு, போலீஸ் நடத்தும் இலவசப் பயிற்சியும், அதன்பின் எதிராளி உண்மையாகவே எதிர்க்கிற ஒரு வகுப்பில் இரண்டு மூன்று மாதமும் போதும். மீதியெல்லாம் உங்கள் விருப்பம்.

1. எந்த ஆபத்துக்காகப் பயிற்சி என்று முதலில் எழுதிப் பாருங்கள்

ஐந்து ரவுடிகள் சூழ்ந்துகொள்வது சினிமாவில். நமக்கு வருவது வேறு. மெட்ரோ நெரிசலில் கை வைப்பவன். ஸ்டேஷனிலிருந்து பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி) இருக்கும் சந்து வரை பின்னாலேயே வருபவன். பைக்கில் வந்து போனைப் பறித்துக்கொண்டு போகிறவன். மீட்டருக்கு மேல் கேட்டுச் சண்டை போடும் ஆட்டோக்காரர். சிக்னலில் லேசாக உரசியதற்குக் காரை மறித்து இறங்கி வருபவன். அப்புறம், பலரும் சொல்லத் தயங்குவது: நன்றாகத் தெரிந்த ஆளே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது.

உங்கள் தினசரி வழியை ஒரு தாளில் எழுதுங்கள். எந்த நேரம், எந்த வாகனம், எவ்வளவு தூரம் நடை, கையில் என்ன பை, என்ன உடை. கரோல் பாகில் தங்கி கோச்சிங் போகிறவருக்கும், சஃப்தர்ஜங்கில் நைட் ஷிப்ட் முடித்து முனிர்கா திரும்பும் நர்ஸுக்கும், மயூர் விஹாரிலிருந்து கார் ஓட்டிப் போகும் குடும்பஸ்தருக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது. இந்தத் தாளை வைத்துத்தான் வகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சேர்க்கும் இடத்தில் இருப்பவர் "எங்க கோர்ஸ்ல எல்லாம் வரும்" என்று சொல்லும்போது, இதிலிருந்து ஒரு சூழலைச் சொல்லி "இதற்கு என்ன கற்றுத் தருவீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

2. பெண்களா? இலவசத்திலிருந்து தொடங்குங்கள்

டெல்லி போலீஸில் பெண்கள், குழந்தைகளுக்கென்று ஒரு சிறப்புப் பிரிவு இருக்கிறது. மோதி பாக் பக்கம் நானக்புராவில் அலுவலகம், ஆர்.கே. புரம் மலை மந்திருக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு அதிகத் தூரமில்லை. இவர்கள் பல வருடங்களாகப் பெண்களுக்கு இலவசமாகத் தற்காப்புப் பயிற்சி தருகிறார்கள். வழக்கமான வகுப்பு பத்து நாள். பெண் போலீஸாரே பயிற்சியாளர்கள். பள்ளி, கல்லூரி விடுமுறைகளை ஒட்டிக் கோடையிலும் குளிர்காலத்திலும் முகாம்கள் நடக்கும்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. தனியாளாக முகாம் அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கல்லூரியோ அலுவலகமோ கடிதம் எழுதிக் கேட்டால் அங்கேயே வந்து நடத்துகிறார்கள். ஆகவே உங்கள் ஹெச்.ஆரிடமோ கல்லூரி நிர்வாகத்திடமோ பேசுங்கள். கடிதத்தில் இருக்க வேண்டியவை: எத்தனை பேர், வயது வரம்பு, எந்தத் தேதிகள் வசதி, எவ்வளவு இடம் இருக்கிறது, பொறுப்பாளர் பெயரும் போன் நம்பரும். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், கையெழுத்தும் சீலும் போட்டு. லெட்டர்ஹெட் இல்லாத கடிதத்துக்கு டெல்லியில் எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை.

பத்து நாளில் வீராங்கனை ஆகிவிட மாட்டீர்கள். ஆனால் சத்தம் போடவும், ஒருவரைத் தொட்டுத் தள்ளவும் இருக்கும் கூச்சம் போய்விடும். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான படி.

ஆண்கள் நேராக அடுத்த படிக்குப் போகலாம்.

3. பணம் கட்டிச் சேரும் இடங்கள்

மூன்று வகை இருக்கின்றன.

பேட்டைக்குப் பேட்டை பூங்காவிலும் சமூகக் கூடத்திலும் நடக்கும் கராத்தே, டேக்வாண்டோ வகுப்புகள் ஒரு வகை. கட்டணம் குறைவு, வீட்டுக்குப் பக்கம். ஆனால் பெரும்பாலும் குழந்தைகளுக்கானவை. எட்டு வயதுப் பையன்களோடு வரிசையில் நின்று காற்றில் குத்த வேண்டியிருக்கும். சிரி ஃபோர்ட், சாகேத், யமுனா மாதிரியான டி.டி.ஏ. (டெல்லி வளர்ச்சி ஆணையம்) விளையாட்டு வளாகங்களிலும் கேட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்குத் தனி பேட்ச் இருந்தால் நல்லது.

பாக்ஸிங், முவே தாய் (தாய்லாந்துக் குத்துச்சண்டை), ஜியு-ஜிட்சு (பிடித்து மல்லுக்கட்டும் கலை) சொல்லித்தரும் ஜிம்கள் இன்னொரு வகை. விலை அதிகம். ஆனால் இங்கே முதல் மாதத்திலேயே எதிரில் ஒரு ஆள் நின்று உங்களைத் தள்ளுவார், பிடிப்பார், மேலே விழுவார். தரையில் அழுத்திப் பிடிக்கப்பட்டால் எப்படி மூச்சுவிடுவது, எப்படி எழுந்திருப்பது என்பதை ஜியு-ஜிட்சு மாதிரி வேறெதுவும் கற்றுத் தருவதில்லை.

தற்காப்பு என்றே பெயர் போட்டு நடத்தும் கிராவ் மகா மாதிரி வகுப்புகள் மூன்றாவது. சொல்லித்தருபவர் நல்லவராக அமைந்தால் நமக்கு மிகவும் பொருத்தமானது இதுதான்: கார், படிக்கட்டு, கத்தி, கூட்டம் என்று சூழலை வைத்தே பாடம் நடக்கும். அமையாவிட்டால் வீடியோவுக்குப் போஸ் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். பெயரைப் பார்த்துச் சேராதீர்கள், வகுப்பைப் பார்த்துச் சேருங்கள்.

4. டெமோ வகுப்பில் எதைப் பார்க்க வேண்டும்

டெமோவுக்குப் போகும்போது அவர்கள் உங்களைச் சோதிப்பதாக நினைத்துப் பதற்றப்பட வேண்டாம். நீங்கள்தான் அவர்களைச் சோதிக்கிறீர்கள்.

முதலில், எதிராளி எதிர்க்கிறாரா என்று பாருங்கள். மணிக்கட்டைப் பிடித்தவர், நீங்கள் கையை லேசாகத் திருப்பியதும் தானே விட்டுவிட்டுத் தரையில் விழுகிறார் என்றால் அது நாடகம். நல்ல பயிற்சியாளர் முதலில் மெதுவாகச் செய்ய வைப்பார். பிறகு "அப் சோட்னா மத்" என்று பிடித்திருப்பவரிடம் சொல்லுவார். விடாதே என்று அர்த்தம். அதற்கப்புறமும் உங்கள் கை விடுபடுகிறதா என்பதுதான் கணக்கு.

இரண்டாவது, வாய். வகுப்பில் சத்தம் போட வைக்கிறார்களா? நான் பார்த்த ஒரு வகுப்பில் நன்றாக உதைக்கத் தெரிந்த ஒரு பெண்ணிடம் "தூர் ஹடோ" என்று கத்தச் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. மறுபடி மறுபடி கத்த வைத்தார்கள். வகுப்பின் முடிவில் குரல் சுவரில் மோதியது. அப்படிப்பட்ட இடத்தில் பணம் கட்டலாம்.

மூன்றாவது, ஓட்டம். எந்தப் பாடமும் "அடித்துவிட்டு ஓடு" என்றுதான் முடிய வேண்டும். விழுந்தவனை மேலும் நாலு மிதி மிதிப்பது வரை போகிறது என்றால், அங்கே சட்டமும் தெரியவில்லை, தெருவும் தெரியவில்லை.

நான்காவது, தொடுவதற்கு முன் கேட்கிறார்களா. நிலையைத் திருத்த உடம்பில் கை வைக்கும் முன் "மே ஐ" என்று கேட்கும் பயிற்சியாளர் வேண்டும். உங்களோடு யாரைச் சேர்த்துவிட வேண்டும் என்பதில் உங்கள் சொல்லுக்கு மதிப்பிருக்க வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம். தற்காப்பு வகுப்பிலேயே அது செல்லுபடியாகாவிட்டால் எங்கே ஆகும்?

இவற்றோடு முதலுதவிப் பெட்டி, தரையில் மேட், ஒரு பேட்சில் எத்தனை பேர் என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒரு பயிற்சியாளருக்கு இருபது பேருக்கு மேல் இருந்தால் உங்கள் தப்பு அவர் கண்ணில் படாது.

வாசலிலேயே திரும்பி வரவேண்டிய இடங்களும் உண்டு. "மூன்று நாளில் கத்தியைப் பறிக்கலாம்" என்பவர்கள். ஒரு விரலால் அழுத்தினால் ஆள் மயங்கிவிடுவான் என்று வர்மம் காட்டுகிறவர்கள். இன்றைக்கே கட்டினால் பாதி விலை என்பவர்கள். பயிற்சியாளர் எங்கே, யாரிடம் கற்றார் என்று கேட்டால் மழுப்புகிறவர்கள். சான்றிதழ் ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பது ஒன்றுக்கும் போதாது. கொடுத்த அமைப்பு எது, அது எத்தனை நாள் பயிற்சிக்குத் தரப்பட்டது என்று கேளுங்கள்.

5. ஆவணங்கள்

சேர ஆதார் நகலும் இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் வழக்கமாகக் கேட்பார்கள். ஆதாரில் ஊர் விலாசம் இருந்தாலும் பிரச்சினை இல்லை, கேட்டால் பி.ஜி. ரசீதோ வாடகை ஒப்பந்தமோ காட்டலாம். ஆதார் நகல் கொடுக்கும்போது கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். அதன் மேல் எதற்காகத் தருகிறீர்கள் என்றும் தேதியும் எழுதிக் கையெழுத்திடுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதக் கடிதம் வேண்டும். ஊரில் இருக்கும் அப்பா கையெழுத்திட்டு ஸ்கேன் அனுப்பினால் ஏற்பார்களா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

முட்டி வலி, முதுகு டிஸ்க், ஆஸ்துமா, இரத்த அழுத்தம், கர்ப்பம் எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் ஒரு ஃபிட்னஸ் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போங்கள். கேட்காவிட்டாலும் கொடுங்கள்.

அப்புறம் அந்தப் பொறுப்புத்துறப்புப் படிவம். "காயம் ஏற்பட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஒரு பக்கம் நீட்டுவார்கள். படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், நகல் கேளுங்கள். நடுவில் ஒரு வரியில் உங்கள் போட்டோ, வீடியோவை விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதம் என்று இருக்கும். வேண்டாமென்றால் அந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள். யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

6. செலவு

நான் விசாரித்த வரையில் பூங்கா, சமூகக் கூட வகுப்புகள் மாதம் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஜிம்களிலும் கிராவ் மகா வகுப்புகளிலும் மூவாயிரத்தில் தொடங்கி ஆறாயிரம் வரை, தெற்கு டெல்லியில் அதற்கு மேலும் போகும். வாரம் எத்தனை வகுப்பு என்று பார்த்து, ஒரு வகுப்புக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். வாரம் மூன்று நாள் என்று சொல்லிவிட்டு ஒரு நாள் வெறும் உடற்பயிற்சியாகவே ஓட்டும் இடங்கள் உண்டு.

சொல்லாமல் சேரும் செலவுகளைத்தான் கவனிக்க வேண்டும். பதிவுக் கட்டணம், யூனிபார்ம், ஜி.எஸ்.டி., பெல்ட் தேர்வுக் கட்டணம், சான்றிதழுக்குத் தனி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெல்ட் தேர்வு என்றால் அதுவே தனி மாதக் கட்டணம் போல ஆகிவிடும். "நான் தேர்வு எழுதாமல் வகுப்புக்கு மட்டும் வரலாமா?" என்று கேளுங்கள். வரலாம் என்றால் நல்ல இடம்.

வாயில் போடும் மவுத்கார்டு சில நூறு ரூபாய். வெந்நீரில் நனைத்துக் கடித்துப் பதிய வைக்கும் வகை போதும். கைக்குச் சுற்றும் பட்டியும் அப்படித்தான். ஆண்களுக்கு இடுப்புக்குக் கீழே கார்டு அவசியம். கிளவுஸ் உடனே வாங்க வேண்டாம். முதல் மாதம் அங்கே இருப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு மாதிரி வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருடப் பேக்கேஜ் கட்டாதீர்கள். நான் போன ஓர் இடத்தில் பாதி வருடத்தில் பயிற்சியாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் வார்ம்-அப்போடு வகுப்பை முடித்தார். பணத்தைக் கேட்டால் ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார்கள். முதலில் ஒரு மாதம், பிடித்திருந்தால் மூன்று மாதம். வேலை மாற்றம், காயம் வந்தால் மீதி நாட்களை நிறுத்தி வைக்க முடியுமா என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

7. எந்த மாதம், எந்த நேரம்

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சேர்வது நல்லது. மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும்போது ஏ.சி. இல்லாத கூடத்தில் மேட் மேல் புரண்டால் தலை சுற்றும். தீபாவளிக்குப் பிறகு ஜனவரி வரை காற்று மோசமாக இருக்கும். அந்த நாட்களில் பூங்கா வகுப்பில் மூச்சு வாங்க ஓடுவது நுரையீரலுக்குத் தண்டனை. பூங்கா வகுப்பு என்றால் அந்த மூன்று மாதம் என்ன செய்கிறார்கள், உள்ளரங்கம் உண்டா, கட்டணத்தைக் குறைப்பார்களா என்று கேட்டே ஆக வேண்டும்.

இன்னொன்று. டிசம்பரில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். எட்டு மணிக்கு முடியும் வகுப்பிலிருந்து மெட்ரோ வரை விளக்கில்லாத ரோட்டில் நடக்க வேண்டுமென்றால், அந்த வகுப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேண்டாம். காலை ஏழு மணி பேட்ச் கேளுங்கள்.

8. இந்தி எவ்வளவு வேண்டும்

வகுப்புக்கு அதிகம் வேண்டாம். பாயே என்றால் இடது, தாயே வலது, ஊபர் மேலே, நீச்சே கீழே, ருக்கோ நில். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

தெருவுக்குத்தான் வேண்டும். பயத்தில் நமக்குத் தமிழ்தான் வாயில் வரும். சுற்றி இருப்பவர்களுக்கு அது புரியாது. அதனால் நான்கே வாக்கியங்களைத் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும்படி மனப்பாடம் செய்யுங்கள். "தூர் ஹடோ", விலகிப் போ. "ஹாத் மத் லகாவோ", கை வைக்காதே. "புலிஸ் கோ ஃபோன் கரோ", போலீஸைக் கூப்பிடுங்கள். நான்காவதுதான் முக்கியம்: "மை இஸ்கோ நஹீ ஜான்தீ", இவனை எனக்குத் தெரியாது. ஆண்கள் "ஜான்தா" என்று சொல்ல வேண்டும். ஓர் ஆணும் பெண்ணும் தெருவில் சண்டை போட்டால் புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று எல்லாரும் ஒதுங்கிப் போவார்கள். அந்த எண்ணத்தை உடைப்பது இந்த ஒரு வாக்கியம்தான்.

கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கத்தினால் ஒருவரும் நகர மாட்டார்கள். ஒரு ஆளைப் பார்த்து, "நீலீ ஷர்ட் வாலே பையா, மதத் கீஜியே" என்று கை காட்டிக் கூப்பிடுங்கள். நீலச் சட்டைக்காரர் நின்றே ஆக வேண்டும்.

9. முதல் மாதத்தில் கைக்கு வரவேண்டியவை

அடவுகளை எழுத்தில் படித்துக் கற்க முடியாது. ஆனால் வகுப்பில் இவை வருகின்றனவா என்று சரிபார்க்க இந்தப் பட்டியல் உதவும்.

நிற்கும் விதம். யாராவது நெருங்கி வந்து பேசும்போது இரண்டு உள்ளங்கைகளும் நெஞ்சு உயரத்தில், அவரைப் பார்த்து விரிந்து, ஒரு கால் பின்னால். பார்ப்பவருக்குச் சமாதானம் பேசுவது போல இருக்கும். ஆனால் அங்கிருந்து தள்ளவும் தடுக்கவும் அரை நொடி போதும். ஆட்டோ சண்டையில் நான் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான். இதுவரை இதற்கு மேல் போக வேண்டி வந்ததில்லை.

அடி என்றால் உள்ளங்கையின் அடிப்பகுதி. முஷ்டியால் ஒருவன் தலையில் குத்தினால் சுண்டுவிரல் பக்க எலும்பு உடைவது நம் கையில்தான். முழங்கை, முழங்கால் கிட்டத்தில் நன்றாக வேலை செய்யும்.

மணிக்கட்டு விடுவிப்பு. பிடித்த கையில் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடம்தான் பலவீனமான வாசல். உங்கள் மணிக்கட்டின் குறுகலான பக்கத்தை அந்த வாசலுக்கு நேராகத் திருப்பி, முழங்கையை அவனை நோக்கி முன்னால் தள்ளி, உடம்போடு சேர்த்து இழுக்க வேண்டும். கையை மட்டும் பின்னால் இழுத்தால் அது இழுபறி, பலசாலிதான் ஜெயிப்பான். இதைச் சட்டைக் கையைப் பிடித்தும், இரண்டு கையையும் பிடித்தும், பின்னாலிருந்து பிடித்தும் செய்து பாருங்கள்.

கழுத்தைப் பிடித்தால் தாடையை நெஞ்சோடு ஒட்டி இறக்குவது, அந்தக் கைகளைப் பிய்த்து விலக்குவது. இதற்குச் சில நொடிதான் கிடைக்கும், ஆகவே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியது இதுதான்.

விழுவதும் எழுவதும். தலை தரையில் மோதாமல் விழ, பிறகு ஒரு கையைப் பின்னால் ஊன்றி, ஒரு காலால் அவனை எட்டத்தில் வைத்துக்கொண்டே இடுப்பைத் தூக்கி எழ. சல்வார், சேலை, ஜீன்ஸ் எது தினமும் உடுத்துகிறீர்களோ அதில் ஒருமுறையாவது செய்து பாருங்கள். துப்பட்டாவைப் பின்னாலிருந்து இழுத்தால் என்ன ஆகிறது என்று ஒரு நாள் வகுப்பில் செய்து பார்த்ததிலிருந்து, கழுத்தைச் சுற்றிப் போட்டு நடப்பதை நான் விட்டுவிட்டேன். ஒரு தோளில் போட்டால் இழுத்தவன் கையோடு போய்விடும். டெல்லிக் குளிருக்கான தடித்த ஜாக்கெட் போட்டால் முழங்கை மேலே வராது என்பதும் அப்படித்தான் தெரிந்தது.

கத்தி. பயிற்சியில் ஒரு மார்க்கர் பேனாவைக் கத்தியாக வைத்துக் குத்தச் சொல்வார்கள். முடிந்ததும் உங்கள் வெள்ளை டி-ஷர்ட்டைப் பாருங்கள். கோடு இல்லாத இடம் இருக்காது. அதைப் பார்த்தபின் போனையும் பர்ஸையும் ஒரு பக்கம் வீசிவிட்டு மறுபக்கம் ஓடுவதே சரி என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பறிப்புக்கும் அதேதான். பைக்கில் வருபவன் பையை இழுத்தால் விட்டுவிடுங்கள். வாரைப் பிடித்துக்கொண்டு இழுபடுவதில்தான் பல்லும் எலும்பும் போகின்றன. பையை ரோட்டுப் பக்கமில்லாத தோளில் மாட்டுங்கள். நடந்துகொண்டே மேப் பார்க்காதீர்கள், கடை வாசலில் ஏறி நின்று பாருங்கள்.

கேபில் ஏறும்போது நம்பர் பிளேட்டையும் ஓட்டுநர் படத்தையும் சரிபாருங்கள். பின் கதவைத் திறந்ததும், கதவின் ஓரத்தில் பூட்டுக்குக் கீழே ஒரு சின்ன நெம்பு இருக்கும், அதுதான் சைல்ட் லாக். போட்டிருந்தால் உள்ளிருந்து கதவு திறக்காது. எடுத்துவிடச் சொல்லுங்கள், எடுக்காவிட்டால் ஏறாதீர்கள். மெட்ரோவில் ரயில் போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு.

10. பெப்பர் ஸ்ப்ரே வாங்குவதானால்

உரிமம் தேவையில்லை, கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கும், சில நூறு ரூபாய். காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் மொட்டை மாடியில் காற்றுக்கு முதுகு காட்டி ஒருமுறை அடித்துப் பாருங்கள், எவ்வளவு தூரம் போகிறது, பூட்டு எப்படித் திறக்கிறது என்று தெரிய. பையின் அடியில் டிபன் பாக்ஸுக்குக் கீழே கிடந்தால் இல்லாத மாதிரிதான். ஆட்டோ, கார் மாதிரி மூடிய இடத்தில் அடித்தால் உங்கள் கண்ணும் எரியும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுப் போகாதீர்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டு போக விடமாட்டார்கள். ஊருக்குக் கிளம்பும்போது எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள். கத்தியை, அதிலும் பட்டன் அழுத்தினால் விரியும் கத்தியை, பாதுகாப்புக்கு என்று பையில் போடவே வேண்டாம். பிடுங்கப்பட்டால் அது உங்கள் மேல் திரும்பும். போலீஸிடம் மாட்டினால் ஆயுதச் சட்டம் உங்கள் மேல் திரும்பும்.

11. எவ்வளவு அடிக்கலாம்: சட்டம்

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. தற்காப்பு உரிமை 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் வருகிறது. உங்கள் உடலை மட்டுமல்ல, பக்கத்தில் தாக்கப்படும் இன்னொருவரின் உடலைக் காக்கவும் உரிமை உண்டு. அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆபத்து என்று நியாயமாகப் பயப்படக் காரணம் இருந்தால் அப்போதே உரிமை தொடங்குகிறது, அந்தப் பயம் இருக்கும் வரை நீடிக்கிறது. கொலை, கொடுங்காயம், பாலியல் வன்முறை, கடத்தல், ஆசிட் வீச்சு போன்றவற்றை எதிர்க்கையில் தாக்குபவன் உயிர் போக நேர்ந்தாலும் 38-வது பிரிவு காக்கும்.

எல்லை 37-வது பிரிவில் இருக்கிறது. தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது. போலீஸை அழைக்க நேரம் இருந்தால் நீங்களே கை வைக்கக் கூடாது. ஓடுகிறவனைத் துரத்திப் போய் அடித்தால் அது தற்காப்பு ஆகாது. சிக்னல் சண்டையில் காரை விட்டு இறங்கிப் போய் அடித்தாலும் அப்படித்தான். கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டி, 112 அடியுங்கள்.

12. ஏதாவது நடந்துவிட்டால்

112 எல்லா அவசரத்துக்கும். பல ஸ்மார்ட்போன்களில் பவர் பட்டனை வேகமாகச் சிலமுறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும். உங்கள் போனில் எத்தனை முறை என்று செட்டிங்கில் இன்றைக்கே பாருங்கள். பெண்களுக்கு 1091, 181. மெட்ரோவுக்குள் என்றால் 155370 அல்லது மெட்ரோ பாதுகாப்பைப் பார்க்கும் சி.ஐ.எஸ்.எஃப். படையின் 155655, பெட்டி எண்ணைச் சொல்லுங்கள், கதவருகே எழுதியிருக்கும்.

காயம் சின்னதாக இருந்தாலும் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய் எம்.எல்.சி. (வழக்குக்கு உதவும் மருத்துவப் பதிவு) போடச் சொல்லுங்கள். எய்ம்ஸ், சஃப்தர்ஜங், ஆர்.எம்.எல். எதுவானாலும் சரி. மறுநாள் வீக்கம் வடிந்தபின் போனால் எழுத ஒன்றும் இருக்காது. உடையைத் துவைக்காதீர்கள். நடந்ததை நேர வரிசையில், தமிழிலேயே கூட, அன்றிரவே எழுதி வையுங்கள்.

எந்த ஸ்டேஷன் எல்லை என்று அலைய வேண்டாம். எந்தக் காவல் நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம், நொய்டாவில் நடந்ததை டெல்லியில் கொடுக்கலாம். மின்னணு முறையில் புகார் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். மெட்ரோவுக்கென்று தனிக் காவல் நிலையங்கள் இருக்கின்றன.

போன் பறிபோனவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காவல் நிலையத்தில் "ஆன்லைன்ல லாஸ்ட் ரிப்போர்ட் போட்டுருங்க, சீக்கிரம் முடிஞ்சுடும்" என்று சொல்வார்கள். எனக்கும் ஒரு நிலையத்தில் அதைத்தான் சொன்னார்கள். லாஸ்ட் ரிப்போர்ட் என்பது நீங்கள் எங்கோ தொலைத்துவிட்டதாகச் சொல்வது. அது எஃப்.ஐ.ஆர். ஆகாது, விசாரணையும் நடக்காது. பறிப்பு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-வது பிரிவில் தனிக் குற்றம். "பறித்தார்கள்" என்றே எழுதிக் கொடுங்கள், அந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் சிம்மை முடக்கி, வங்கிக்குச் சொல்லி யு.பி.ஐ.யை நிறுத்துங்கள், பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அழையுங்கள். பிறகு எஃப்.ஐ.ஆர். அடுத்து டூப்ளிகேட் சிம்; புது சிம்மில் முதல் ஒரு நாள் எஸ்.எம்.எஸ். வராது, அதனால் ஓ.டி.பி. வரவில்லையே என்று பதற வேண்டாம். சிம் வேலை செய்ததும் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்குங்கள். அதற்குப் போலீஸ் ரிப்போர்ட்டும் அடையாள அட்டையும் வேண்டும். ஐ.எம்.இ.ஐ. எண் போன் பெட்டியில் இருக்கும். பெட்டி ஊரில் இருந்தால் இப்போதே *#06# அடித்து வரும் எண்ணைக் குறித்து வீட்டாருக்கும் அனுப்பி வையுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், புகார் கொடுத்தவரின் உரிமை. கையில் வாங்காமல் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பாதீர்கள்.